அலமேலு என்னும் பெயர்

பெயர் என்பது ஒருவரை அழைத்தற்கு உதவும் கருவி மட்டுமே எனச் சிலர் எண்ணுவர். அவ்வாறாயின் எண்ணே போதும், பெயர் வேண்டா. நம் பாட்டியர் தாங்கியிருந்த பெயர்கள் பல இன்று பள்ளி வருகைப் பதிவேடுகளில் அருகிவிட்டன. அவற்றுள் ஒன்று அலமேலு. அதனைப் பட்டிக்காட்டுப் பெயர் என்று நகைப்பர் சிலர். தெலுங்குப் பெயர் என்று ஒதுக்குவர் வேறு சிலர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பது என் கருத்து.

அலர்மேல்மங்கை என்னும் தொடரே அலமேலு என மருவிற்று. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவங்களுக்கு நம் முன்னோர் தனித்தனிப் பெயர் வழங்கினர். இதழ்கள் முழுதும் விரிந்து நிற்கும் நிலையே அலர். தாமரை அலரின்மேல் வீற்றிருக்கும் மங்கை திருமகள் ஆவாள். திருப்பதிக்கு அருகே திருச்சானூரில் கோயில் கொண்டுள்ள தாயாரை வடமொழியாளர் பதுமாவதி என்பர்; தமிழில் அவள் அலர்மேல்மங்கை. திருவாய்மொழியின் ஆறாம் பத்தில், திருவேங்கடத்தைப் பாடுமிடத்து, நம்மாழ்வார் இத்தொடரை ஆள்கின்றார். அகப்பொருள் நூல்களில் அலர் என்பது காதலரைப் பற்றி ஊரார் வெளிப்படப் பேசும் பழிச்சொல்லையும் குறிக்கும். அதுவே வெளிப்படாத முணுமுணுப்பாக இருக்குங்கால் அம்பல் எனப்படும். அப்பொருள் இங்கு இல்லையெனினும், விரிதல் என்னும் கருத்து இரண்டற்கும் பொதுவாதல் காண்க.

இனி, மருவிய முறையை நோக்குவோம். ரகர ஒற்றுக் கெட்டது. லகரத்தின்பின் உகரம் சேர்ந்தது. பால் என்பதைப் பேச்சில் பாலு என்பது போன்றதே இது. இறுதியில் நின்ற மங்கையோ முழுதும் மறைந்தாள். எஞ்சிய பகுதிக்கு நேர்பொருள் கூறின், 'பூவின்மேல்' என்பது மட்டுமே கிடைக்கும். பூ இருக்கின்றது, இருக்கையும் இருக்கின்றது, அமர்ந்திருப்பவளைக் காணோம்! வீடுகளில் செல்லமாக அலமு என்னும்பொழுது மேல் என்பதும் தேய்ந்துவிடுகின்றது. ஆயினும் குறையொன்றும் இல்லை. அழைத்த குரல் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் பெண்ணே அவ்விடத்தை நிரப்பிவிடுகின்றாள் அன்றோ?

நாம் விட்ட மங்கையைத் தெலுங்கர் விடவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் அத்தாயாரை அலமேலுமங்கை என்றே தம் தெலுங்குப் பாடல்களில் போற்றினார். அப்பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுத் திருமலைக் கோயிலில் காக்கப்பட்டன. அலரு என்னும் சொல் தெலுங்கிலும் உண்டு. ஆனால் மேல் என்னும் இடப்பொருளை அவர்கள் மீத என்பர். மேலு என்பது அவர்கள் மொழியில் நன்மையைக் குறிக்கும். ஆகவே பெயரின் பிறப்புத் தமிழிலேயாம். அதனைக் குறையாமல் காத்த பெருமை அயல்மொழியாளர்க்கும் உரியது. சென்னை மயிலாப்பூரில் உள்ள அலமேலுமங்காபுரத்திலும் மங்கை நீங்காது நிற்கின்றாள்.

யான் பணியிலிருந்த காலத்தில் மாணவி ஒருத்தி, பாட்டியின் நினைவாகத் தனக்கு இடப்பெற்ற இப்பெயரை அரசிதழில் அறிவித்து மாற்றிக்கொள்ள விரும்பினாள். தோழியரின் ஏளனமே காரணம். பெயரை மாற்றுதல் அவரவர் உரிமை; அதனை யான் மறுக்கவில்லை. ஆனால் பொருள் அறியாதார் நகைத்தனர் என்பதற்காகப் பொருளுள்ள ஒன்றை விடுதல் தகுமோ? மேற்கூறியவற்றையெல்லாம் அவளுக்கு எடுத்துரைத்தேன். அவள் சிறிது எண்ணி, "அப்படியானால் அலர்மேல்மங்கை என்றே திருத்திக்கொள்ளட்டுமா, ஐயா?" என்றாள்.

அதற்கும் யான் உடன்படவில்லை. தஞ்சாவூரைத் தஞ்சை என்பதும், அருமருந்தன்ன பிள்ளையை அருமந்த பிள்ளை என்பதும் பிழையல்ல. இவ்வாறு சிதைந்து வழங்கும் சொற்களை மரூஉ என இலக்கண நூலார் ஏற்றுக்கொண்டனர். தாயரும் பாட்டியரும் தலைமுறை தலைமுறையாக அழைத்தழைத்துத் தேய்ந்த வடிவம் அது. புலவர் ஒருவர் ஏட்டைப் பார்த்துத் திருத்தும் வடிவத்தினும் எனக்கு அதுவே இனிது.

"வீட்டில் அலமு என்கிறார்களே, அதுவும் மரூஉத்தானா?" என்று வினவினாள் அவள்.

"அதுவும் மரூஉவே" என்றேன்.