கர்சீப் போட்ட நைட்ரஜன்

முகூர்த்த நாளில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அறந்தாங்கி பஸ் ஏறியிருக்கிறீர்களா? அப்படியானால் கெமிக்கல் இன்ஜினீயரிங்கில் பாதி உங்களுக்குத் தெரியும். நான் வெறும் பி.காம்., எனக்கே தெரிகிறது.

2021 மே மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பெரியப்பாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆக்ஸிஜன் வேண்டும் என்றார் டாக்டர். ஆலங்குடியில் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரைக் கேட்டு வாங்கி வந்தோம். சிலிண்டர் கிடையாது. கரண்ட் இருந்தால் போதும், அறைக் காற்றிலிருந்தே பிரித்துக் கொடுக்கும்.

உள்ளே ஜியோலைட் என்று ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள். உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. காற்றை அழுத்தி உள்ளே விட்டால், அதில் 78 சதவிகிதம் இருக்கிற நைட்ரஜன் முண்டியடித்து கர்சீப் போட்டு உட்கார்ந்துவிடும். சீட் கிடைக்காத ஆக்ஸிஜன் சுமார் 93 சதவிகித சுத்தத்தில் வெளியே வரும். (மிச்சம் பெரும்பாலும் ஆர்கான். அதுவும் ஆக்ஸிஜன் மாதிரியே ஃபுட்போர்டு பார்ட்டி.) அழுத்தத்தைக் குறைத்தால் 'புஸ்'ஸென்று நைட்ரஜன் இறங்கிக்கொள்ளும். அடுத்த டிரிப்!

எங்கள் மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்ஸிமீட்டரில் 88.

"என்னப்பா, புஸ்ஸு புஸ்ஸுங்குது, அவருக்கு எறங்கலியே?" என்றார் பெரியம்மா. அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மெக்கானிக் போனில் கேட்டார்: "ரொம்ப நாளா சும்மா கெடந்துச்சா சார்? ஈரம் ஏறியிருக்கும்."

நீராவி உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. சீட் போன நைட்ரஜன், நேரே பெரியப்பா மூக்குக்கு வந்துகொண்டிருந்தது.

திருமயத்திலிருந்து வேறு மெஷினை பைக்கில் வைத்து, லாக்டவுனில் மூன்று இடத்தில் போலீஸுக்கு விளக்கம் சொல்லிக் கொண்டுவந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு 94.

கூட்டத்தில் எந்த வாயு எத்தனை சீட் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்வது ஒரு தனி சாஸ்திரம். ஒவ்வொரு வாயுவையும் தனித்தனியாக அளப்பது சுலபம். கலவையாக அளப்பது பெரும்பாடு. தனித்தனி அளவை வைத்தே கலவையைக் கணக்குப் போடும் வழியை மையர்ஸ், ப்ராஸ்னிட்ஸ் என்ற இருவர் 1965-ல் வெளியிட்டார்கள். பயணிகள் எல்லாரும் சாதுவாக இருந்தால் கணக்கு டேலியாகும். தண்ணீர் மாதிரி ரவுடி ஏறினால் உதைக்கும். ஆனாலும் இன்றுவரை முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். 2025-ல் கெமிஸ்ட்ரி நோபல் வாங்கிய உலோக-கரிமச் சட்டகங்களில் ஆயிரக்கணக்கான வகை உண்டு. ஒவ்வொன்றிலும் கலவையை ஊதிப் பார்க்க ஆயுசு போதாதே!

பெரியப்பா தேறியதும் பழைய மெஷினைத் திருப்பிக் கொடுத்தேன். "உள்ள தண்ணி உக்காந்திருக்குண்ணே. ஜியோலைட்டை மாத்தாம வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

அவர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கிப் பார்த்தார்.

"சொட்டுகூட வரலியே தம்பி?"