திருநெல்வேலியில் தோற்றது ரவையா?

ரொறன்ரோவில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த அன்பர் ஒருவர், 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை திருநெல்வேலியில் அடிவாங்கியதற்கு ஒரேயொரு காரணந்தான் உண்டு என்று அடித்துச் சொன்னார். அவர்கள் தவறான ரவையைக் கொண்டுவந்து விட்டார்களாம். "அண்ணை, அவங்களிட்டயும் ஏ.கே. இருந்திருந்தா கதையே வேற" என்றார். விழா மலர் ஒன்றுக்கு இதைப் பற்றிக் கட்டுரை எழுதி வைத்திருப்பதாகவும், நான் ஒருமுறை பார்த்துத் தரவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமே அட்டவணைகளோடு கட்டுரை வந்து சேர்ந்தது.

அவரைத் தனியாகக் குறைசொல்ல மாட்டேன். அமைதிப்படையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற இந்திய அதிகாரிகள் சிலரும் இதே பல்லவியைப் பாடுவதுண்டு. ஆகவே வாதத்தை முதலில் அதற்குரிய மரியாதையோடு எடுத்துக்கொள்வோம்.

ஒரு சொல் விளக்கம். ரவை என்பது கோது, மருந்து, சன்னம் எல்லாம் சேர்ந்த முழு உருப்படி. குழலை விட்டுப் பறப்பது சன்னம் மட்டுமே. தமிழகத்து நண்பர்கள் இரண்டையும் தோட்டா என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் பத்திரிகைகளும் இரண்டையும் குழப்பியவைதாம், நான் எழுதிய செய்திகள் உட்பட.

அன்று இந்தியச் சிப்பாயின் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். அதன் ரவை 7.62 x 51 மில்லிமீற்றர். 1950களில் நேட்டோ நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவு அது. ஐரோப்பியச் சமவெளியில் நானூறு, ஐந்நூறு மீற்றர் தொலைவில் நிற்கும் எதிரியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. சன்னம் ஒன்பது கிறாமுக்குச் சற்று மேல். வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 840 மீற்றர். புலிகளிடமிருந்த ஏ.கே. வகைத் துப்பாக்கியின் ரவை 7.62 x 39. விட்டம் பெயரளவில் ஒன்றுதான், கோது குட்டை. சன்னம் எட்டுக் கிறாமுக்குச் சற்றுக் குறைவு. வேகம் 715 மீற்றர் அளவில். சக்தியில் முன்னையதற்கு மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் எஸ்.எல்.ஆர். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒன்றாகச் சுடும், ரவைக்கூட்டில் இருபது. ஏ.கே. தொடராகவும் சுடும், கூட்டில் முப்பது.

திருநெல்வேலியையும் கொக்குவிலையும் அறிந்தவர்களுக்கு மிகுதியைச் சொல்லத் தேவையில்லை. கிடுகு வேலியும் மதிலும் நெருக்கும் ஒழுங்கைகளில் ஐம்பது மீற்றருக்கு அப்பால் எதைக் காண்பது? அங்கே நீண்ட துவக்கும், ஐந்நூறு மீற்றர் போகும் சன்னமும் சுமையே. அன்பர் சொல்வதில் இந்தப் பாதி உண்மை. எடைக் கணக்கும் அவர் பக்கமே நிற்கிறது. எஸ்.எல்.ஆர். ரவை ஒன்று சுமார் 24 கிறாம், ஏ.கே. ரவை 16 அல்லது 17. ஒரே சுமையில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ரவைகளைக் கொண்டுபோகலாம்.

இனி அந்த இரவுக்கு வருவோம். ஒக்டோபர் 11ஆம் திகதி இரவு, புலிகளின் தலைமையைப் பிடிப்பதற்காக யாழ். பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகொப்டர்கள் இறங்கின. பரா கொமாண்டோக்கள் நூறு பேரளவில் இறங்கிக் கொக்குவில் பக்கம் நகர்ந்தனர். இறங்குதளத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையில் முப்பது பேரே தரைதொட்டனர். அடுத்த தொகுதிகள் வரவில்லை, ஏனெனில் ஹெலிகொப்டர்கள் சூடு வாங்கித் திரும்பிவிட்டன. இந்தியரின் வானொலித் தொடர்பைப் புலிகள் ஒட்டுக்கேட்டிருந்தனர் என்பதை இந்தியத் தரப்பே பின்னர் ஒப்புக்கொண்டது. எங்கே இறங்குவார்கள் என்று எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. மறுநாள் ரவை தீரும்வரை அந்த முப்பது பேரும் போரிட்டனர். 29 பேர் மாண்டனர், ஒருவர் சிறைப்பட்டார்.

இதில் ரவையின் அளவு எங்கே வருகிறது? ஒன்றரை மடங்கு ரவை இருந்திருந்தால் இன்னும் சில மணிநேரம் தாக்குப்பிடித்திருப்பார்கள் என்பது சரி. யார் வரும் வரைக்கும்? அவர்களைத் தேடி யாரும் வந்து சேரவில்லையே. எதிரி கேட்டுக்கொண்டிருந்த வானொலியில் திட்டம் பேசியவர்களும், அந்த மைதானத்தை வரைபடத்தில் வட்டமிட்டவர்களும் செய்த பிழையை ஒரு பித்தளைக் கோதின் தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. மாண்ட சிப்பாய்களுக்கும் அது நியாயமாகாது.

அன்பரின் கட்டுரையில் இல்லாத பகுதி ஒன்றுண்டு. கொமாண்டோக்களை மீட்க யுத்த தாங்கிகள் வந்தன. வீதிகளில் கண்ணிவெடி இருக்குமென்று புகையிரதப் பாதை வழியே வந்தன. கொக்குவில் பிரம்படி ஒழுங்கையில் வீடுகளில் ஒடுங்கியிருந்த சனங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டும் தாங்கிகளால் நசுக்கப்பட்டும் இறந்தனர். பத்து நாள் கழித்துத் தீபாவளியன்று யாழ். ஆஸ்பத்திரிக்குள் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் சுடப்பட்டனர். 'ஊடுருவும் திறன்' என்ற தலைப்பில் அன்பர் ஒரு நிரல் போட்டு, எந்த ரவை எத்தனை அங்குலம் பலகையைத் துளைக்கும் என்று எழுதியிருக்கிறார். கிடுகு வேலி எந்தச் சன்னத்தையும் தடுக்காது. வேலிக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதற்கு அவருடைய அட்டவணையில் நிரல் இல்லை.

யாழ்ப்பாணத்து அனுபவம் இந்தியாவின் துப்பாக்கித் தேர்விலும் எதிரொலித்தது. அவசர அவசரமாக வெளிநாடுகளிலிருந்து ஏ.கே. வகைகளை வாங்கினார்கள். முன்னரே வடிவமைப்பில் இருந்த 5.56 மில்லிமீற்றர் இன்சாஸ் துப்பாக்கி 1990களில் படைக்கு வந்தது. திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டது. ரவையின் எடை பாதியாகக் குறைந்தது. அதற்கு ஒரு தத்துவமும் சொல்லப்பட்டது: கொல்வதைவிடக் காயப்படுத்துவதே மேல், ஏனெனில் காயப்பட்ட ஒருவனைத் தூக்க இருவர் வேண்டும். 1999இல் கார்கில் குளிரில் இன்சாஸின் ரவைக்கூடுகள் விரிசல் கண்டன. அது நெகிழித் தகட்டின் குற்றம், ரவையின் குற்றமன்று. ஆயினும் காலப்போக்கில் தத்துவம் தலைகீழானது: காயப்பட்ட தீவிரவாதி திருப்பிச் சுடுகிறான், ஆதலால் ஒரே சூட்டில் கொல்லும் ரவை வேண்டும். 2019இல் 72,400 அமெரிக்கச் 'சிக் 716' துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தமானது. அவற்றின் ரவை என்ன தெரியுமா? அதே 7.62 x 51. இன்னொரு புறம், உத்தரப் பிரதேசத்து அமேதியில் ஏ.கே.203, அதன் ரவை 7.62 x 39. திருநெல்வேலியில் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற இரண்டு ரவைகளும் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரே படையின் பட்டியலில் சேர்ந்துகொண்டன. அமெரிக்கத் தரைப்படையோ 2022இல் 5.56ஐ விட்டு 6.8 மில்லிமீற்றருக்குப் போக முடிவெடுத்தது, எதிரியின் உடற்கவசத்தைத் துளைக்கவென்று.

'செயற்திறன்' என்னும் சொல் நம் பிராந்தியத்துக்குப் புதிதன்று. 1895இல் சித்ரால் படையெடுப்புக்குப் பிறகு, .303 சன்னம் மலைவாசிகளின் உடலைத் துளைத்துச் சென்றாலும் அவர்களை நிறுத்தவில்லை என்று ஆங்கிலேயர் முறையிட்டனர். கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில், முனை திறந்து உடலுக்குள் விரியும் சன்னத்தைச் செய்தனர். 1899 ஹேக் மாநாட்டில் அதைத் தடைசெய்யும் பேச்சு வந்தபோது பிரித்தானியப் பிரதிநிதி எதிர்த்து வாதாடினார். நாகரிகமடைந்த சிப்பாய் ஒரு சன்னத்தோடு விழுந்துவிடுவான், காட்டுமிராண்டி விழமாட்டான் என்பது அவர் வாதத்தின் சாரம். தடை நிறைவேறியது. ஆனால் அந்த அளவுகோல் போகவில்லை. யாருடைய உடலில் அளப்பது என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறுகிறது.

நம்மவர்களும் இந்தக் கணக்கில் சளைத்தவர்களல்லர். 1983 யூலை 23ஆம் திகதி இதே திருநெல்வேலியில் பதின்மூன்று சிப்பாய்கள் கொல்லப்பட்ட தாக்குதலில் எந்த ஆயுதம், எத்தனை, யார் கையில் என்று ஒப்பிக்கக் கூடியவர்கள் புலம்பெயர் நாடெங்கும் இருக்கிறார்கள். மறுநாள் திருநெல்வேலியிலும் சுற்றயல்களிலும் இராணுவம் சுட்டுக்கொன்ற ஐம்பது பேரளவிலான குடிமக்களின் பெயர்களில் ஐந்தைச் சொல்லக் கூடியவரை நான் சந்தித்ததில்லை.

பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைவராக இருந்த ராஜினி திராணகமவை எண்ணிப் பார்க்கிறேன். ஒரு சன்னம் தசைக்கும் எலும்புக்கும் என்ன செய்யும் என்பதை மாணவருக்கு விளக்கத் தகுதி பெற்றவர். 'முறிந்த பனை' நூலை எழுதியவர்களுள் ஒருவர். 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி சைக்கிளில் வீடு திரும்புகையில் திருநெல்வேலியில் சுட்டுக்கொல்லப்பட்டார். குடும்பத்தினரும் சகாக்களும் புலிகளையே குற்றஞ்சாட்டினர். 2016 ஒக்டோபரில், யுத்தம் முடிந்து ஏழு ஆண்டுகளின் பின், குளப்பிட்டிச் சந்தியடியில் மோட்டார் சைக்கிளில் சென்ற பல்கலைக்கழக மாணவர் இருவரை நோக்கிப் பொலிசார் சுட்டனர், இருவரும் இறந்தனர். இவர்களைக் கொல்ல எவருக்கும் மேலான ரவை தேவைப்படவில்லை.

அன்பரின் கட்டுரையைத் திருத்தித் திருப்பியனுப்பினேன். எண்களில் இரண்டொரு பிழை இருந்தது; சரிசெய்தேன். அட்டவணையின் வலது ஓரத்தில் இன்னொரு நிரல் வரைந்து, 'வேலிக்குப் பின்னால்' என்று தலைப்பிட்டு, பிரம்படியில் இறந்தவர்களின் பெயர்களைத் தேடி எழுதும்படி கேட்டிருந்தேன். அவர் கொக்குவில்காரர், கேட்டறிய ஊரில் உறவுகள் உண்டு. மலர் அச்சுக்குப் போக இன்னும் மூன்று கிழமை இருக்கிறதாம்.