போய் வந்தவர் சொன்னால் போதுமா?

"போய் வந்தவளே சொல்கிறாள், அப்புறம் என்ன யோசனை?" ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் ஒரு பெண்ணைச் சவூதிக்கோ குவைத்துக்கோ அனுப்புவதா வேண்டாமா என்ற பேச்சு இந்த ஒரு வார்த்தையோடு முடிந்துவிடுகிறது. அம்மாவின் பயம், பாடசாலை ஆசிரியையின் எச்சரிக்கை, பத்திரிகை படிக்கிற தங்கையின் கேள்வி எல்லாம் அதன் முன்னால் வாயடைத்துப் போகின்றன. மீறிப் பேசினால் பதில் தயாராக இருக்கிறது: "நீ போயிருக்கியா? போகாத உனக்கு என்ன தெரியும்?" பட்டவர் சொல்வதே சரி, படாதவர் பேசவே கூடாது என்ற இந்த நம்பிக்கையை நான் கண்டிக்கிறேன். இதற்கு நம் மலையகத்தைப்போல் விலை கொடுத்த சமூகம் அதிகமில்லை.

நம் பாட்டன் பூட்டன்மாரை இந்த மலைக்குக் கூட்டிவந்தது யார்? தோட்டத் துரைமார் திருச்சி, சேலம் கிராமங்களில் வீடு வீடாகப் போய் ஆள் கேட்கவில்லை. போனவர் ஆள் சேர்த்த கங்காணி. அவர் அந்த ஊர்க்காரர், பல வேளை அந்தச் சாதிக்காரர், உறவுக்காரர். எல்லாவற்றுக்கும் மேலாக, போய் வந்தவர். கோப்பிக் காலத்தில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தவர். வழியில் பேதி கண்டு விழுந்தவர்களைத் தாண்டி வந்தவர். மலைக்குளிரும் அட்டைக்கடியும் பிரட்டுக்களத்து ஏச்சும் அவருக்குப் புத்தகத்தில் படித்த சங்கதிகளல்ல. தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று அவர் சொன்னதாக நம் கிழவிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். சொன்ன வார்த்தை அதேதானா என்பது இருக்கட்டும். பொய் சொன்னவருக்கு அனுபவம் குறைவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்த அனுபவம்தான் பொய்யை நம்ப வைத்தது. ஊர் பார்க்காத ஒருவன் அதே கதையைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? கொண்டுவந்த ஒவ்வொரு ஆளும் வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு உண்டு. ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். அந்தக் கடனை எழுதிய சீட்டுதான் துண்டு. கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. இன்னொரு தோட்டம் ஆளை எடுத்தால் கடனையும் சேர்த்து எடுக்க வேண்டும். 1921-இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்படும் வரைக்கும் மனிதர்கள் கடனோடு சேர்ந்து கைமாறினார்கள். ஆக, நீங்கள் புறப்படுவதா இருப்பதா என்பதில் கங்காணியின் வருமானமே தொங்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவரிடம் போய் ஆலோசனை கேட்டோம்.

"பஞ்சத்தில் கிடந்தவர்களுக்கு உண்மை தெரிந்தால் மட்டும் என்ன செய்திருப்பார்கள்? எப்படியும் வந்திருப்பார்கள்" என்று சிலர் சொல்வார்கள். 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சத்தில் வேறு வழி இருக்கவில்லை என்பது மெய்தான். ஆனால் போகிறவனுக்கு ஆலோசனை என்பது போ, போகாதே என்ற இரண்டு சொல் மட்டுமல்ல. முன்பணம் எவ்வளவு குறைவாக வாங்கலாம், கணக்கு யார் கையில் இருக்கும், பெண்ணுக்கும் பிள்ளைக்கும் கூலி எவ்வளவு, நோயில் விழுந்தால் யார் சோறு போடுவார் என்று கேட்டுவிட்டு வந்திருந்தால், வந்தவர்கள் இவ்வளவு ஏமாந்திருக்க மாட்டார்கள். இதெல்லாம் கங்காணிக்கு அத்துப்படி. அவர் வாயைத் திறக்கவில்லை.

போகாதவர் சொன்ன உண்மைக்கும் நம் வரலாற்றிலேயே ஆள் இருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் ஒரு நாளும் கொழுந்து எடுத்தவரல்ல, லயத்தில் பிறந்தவருமல்ல. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் துணி வியாபாரி வேடத்தில் லயம் லயமாக நுழைந்து பார்த்தார், கேட்டார், எழுதினார். பிறகு தன் தேசபக்தன் பத்திரிகையில் கங்காணியின் கடன் கணக்கையும் துரைமாரின் கொடுமையையும் அம்பலப்படுத்தினார். அவரும் அவருடைய மனைவி மீனாட்சியம்மையும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார்கள். 1936-இல் ஹட்டன் தொகுதி அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. இந்த ஊர் கேட்டதிலேயே மிக உபயோகமான ஆலோசனைகளைச் சொன்னவர், "உனக்கு என்ன அனுபவம்?" என்று யாராவது கேட்டிருந்தால் வெறுங்கையோடு நின்றிருப்பார்.

அதற்காக அனுபவத்தை நான் தூக்கியெறியச் சொல்லவில்லை. புதிதாகக் கொழுந்து மலைக்கு வருகிற பெண்ணுக்குப் பக்கத்து நிரையில் நிற்கும் அக்கா சொல்லித் தருவதற்கு ஈடான பாடம் எந்தப் பயிற்சி நிலையத்திலும் கிடையாது. படங்கை இடுப்பில் எவ்வளவு இறுக்கினால் மூச்சும் முட்டாது, ஈரமும் உள்ளே போகாது. அட்டைக்குக் காலில் சவர்க்காரத்தை எதுவரைக்கும் பூச வேண்டும். மட்டக்கம்பை வைத்து அதற்கு மேலே எழும்பின இரண்டு இலையையும் மொட்டையும் நகம் படாமல் எப்படி ஒடிப்பது. பறித்ததைக் கைக்குள்ளேயே அமுக்கி வைத்துக்கொண்டிருந்தால் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும் என்பது. பின்னேரம் மடுவத்தில் நிறுக்கும்போது தராசை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும் என்பது. இதையெல்லாம் அந்த அக்கா ஒரு சதம் வாங்காமல் சொல்லித் தருகிறார். அவர் சொன்னது பொய்யானால், மறுநாள் காலையில் அதே மழையில் அதே நிரையில் அந்தப் பெண்ணின் முகத்தில் முழித்தாக வேண்டும்.

அக்காவுக்கும் அனுபவம் உண்டு, கங்காணிக்கும் உண்டு. நம் சம்மதத்தால் யாருடைய மடியில் காசு விழுகிறது, சொல்வது பிழைத்தால் யார் நம் எதிரே நிற்பார் என்பதில்தான் வித்தியாசம். இதைக் கேட்காமல் அனுபவத்தை மட்டும் அளந்து பார்ப்பது மடத்தனம். கடுமையான வார்த்தைதான், தெரிந்தே எழுதுகிறேன்.

இன்று லயத்துக்கு வருகிற உப முகவரைப் பாருங்கள். பல இடங்களில் அவர் முன்னே மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பியவர், அல்லது அப்படித் திரும்பிய ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கொடுப்பது முகவர் நிலையங்களுக்கு. வாசற்படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி பேசுகிறவர் பெரும்பாலும் எந்தப் பதிவிலும் இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். புறப்படும் முன்பே வீட்டார் கையில் ஒரு தொகை வைக்கப்படுகிறது. நடுவில் முடியாமல் திரும்பி வர நினைத்தால் அந்தக் காசைத் திருப்பிக் கேட்கிறார்கள். முன்பணமும் கடனும் தலைக்காசும் அப்படியே இருக்கின்றன, ஆள் மட்டும் மாறியிருக்கிறார்.

அவர் காட்டுகிற அனுபவமும் பொறுக்கியெடுத்ததுதான். நல்ல வீட்டில் வேலை கிடைத்துச் சம்பளத்தை ஒழுங்காகப் பெற்று, ஓர் அறை கட்டி ஒரு ஓட்டோ வாங்கிய பெண் பேசுவார். சம்பளம் கிடைக்காமல் திரும்பியவர், கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்ட வீட்டிலிருந்து ஓடித் தூதரகத்தில் தங்கியவர், உடம்பில் காயத்தோடு வந்தவர் லயத்தின் கடைசிக் காம்பிராவில் ஒதுங்கிக் கிடக்கிறார். கேட்டாலும் மானத்துக்குப் பயந்து "நல்லாத்தான் இருந்தேன்" என்பார். இறந்துபோனவர்களிடம் கேட்க வழியே இல்லை. மாத்தளைப் பாதையில் விழுந்தவர்களும் திரும்பிப் போய் ஊரில் சாட்சி சொல்லவில்லை.

கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளின் கதையும் வேறல்ல. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, வேலைக்குச் சேர்க்கப்பட்ட வீட்டில் ஏற்பட்ட தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்த தரகரும் கைதானார். மலையகம் முழுக்க வீதியில் இறங்கி அழுதது. அழுகை அடங்கியதும் தரகர்கள் பழையபடி வந்தார்கள், "எத்தனை பிள்ளைகளை நல்ல இடத்தில் சேர்த்திருக்கிறேன் தெரியுமா" என்ற அதே பேச்சோடு.

தொழிற்சங்கங்கள் மாதாமாதம் சந்தா பிடிக்கின்றன. ஒவ்வொரு டிவிஷனிலும் யார் எந்த நாட்டுக்குப் போனார், ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, எப்படித் திரும்பினார் என்று ஒரு கொப்பி எழுதி வைக்க அவர்களால் முடியாதா? தோற்று வந்தவரின் கணக்கும் அதில் இருக்கட்டும், பெயர் வேண்டாம். கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கப் போகும் முன் அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் அதைப் பார்க்கட்டும். அடுத்த முறை உப முகவர் படியேறும்போது, எத்தனை வருஷம் அங்கே இருந்தீர்கள் என்று கேட்பதோடு விடாமல், இவளை அனுப்பினால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்றும் வீட்டார் கேட்கட்டும். ஆசிரியை உண்மையைச் சொன்னால், அவர் விமானம் ஏறினாரா என்று யாரும் விசாரிக்க வேண்டாம்.