வாயை மூடினால் வைரஸ் சாகாது

‘பறவைக் காய்ச்சல் என்று பேச்செடுத்தாலே முட்டை விலை சரியும், பேசாமல் இருப்பதே வெண்ணந்தூர் வட்டாரத்துக்கு நல்லது’ என்கிறார்கள் சிலர். விலை சரியும் என்பது மெய்தான். ஆனால் பண்ணைக்காரரைக் கவிழ்ப்பது மௌனம். நோய் உறுதியானதும் அரசு அழிக்கும் கோழிக்குத்தான் இழப்பீடு. அதற்கு முன்பே செத்ததற்குக் கிடையாது. மறைத்தவருக்கே நட்டம்.

‘சளிக் காய்ச்சல்தானே?’ என்பது அடுத்த வாதம். இன்ஃபுளுவென்சாவில் ஏ, பி, சி, டி என நான்கு வகை. உலகத் தொற்றாக வெடித்தது ஏ வகை மட்டுமே. பறவை, பன்றி, மனிதர் என உடல் மாறி உருமாறுவது அது. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றிய 18 பேரில் 6 பேர் இறந்தனர். 2021இல் அதே வைரஸால் டெல்லி எய்ம்ஸில் ஒரு சிறுவன் இறந்தான்.

செத்த கோழியை வெறுங்கையால் சாக்கில் திணிக்கும் தொழிலாளிக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுங்கள். பருவக் காய்ச்சல் தடுப்பூசி போடுங்கள். அது எச்5என்1ஐத் தடுக்காது, ஆனால் இரண்டு வைரஸும் ஒரே உடலில் கலந்து புதிதாக உருவெடுக்கும் வாய்ப்பைக் குறைக்கும். கழுவாத முட்டை அட்டை பண்ணைக்குப் பண்ணை போகக் கூடாது. கோழிகள் கொத்தாகச் செத்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நன்றாக வெந்த முட்டையில் வைரஸ் பிழைக்காது. விலையைக் காக்க வேண்டுமா? இதை ஊரறியச் சொல்லுங்கள்.