கையால் தட்டினால் ஓடும், கிரானில் படுத்துவிடும்

பகலில் நீங்களே கட்டளையைத் தட்டினால் ஒழுங்காக வேலை செய்கிறது. இரவு 2 மணிக்குத் தானாக ஓடும்போது மட்டும் சண்டித்தனம் செய்கிறது. யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: புரோகிராம் அதேதான், அது ஓடும் சூழல் வேறு.

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டிவிடும் புரோகிராமின் பெயர் கிரான். 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாவது பதிப்பிலேயே இது உண்டு. நீங்கள் லாகின் செய்யும்போது ஷெல் உங்களுக்காகப் பல ஏற்பாடுகளைச் செய்துவைக்கிறது. புரோகிராம்களை எந்தெந்த டைரக்டரிகளில் தேடுவது என்று சொல்லும் 'பாத்' பட்டியல் அவற்றில் முக்கியமானது. கிரான் உங்கள் புரொஃபைல் கோப்பைப் படிப்பதில்லை. அதன் பாத் பட்டியலில் பெரும்பாலும் இரண்டே டைரக்டரிகள்தான். நீங்கள் தனியாக நிறுவிய புரோகிராம் அதன் கண்ணில் படாது. அதைவிட மோசம், அதே பெயரில் பழைய பதிப்பு ஒன்று கண்ணில் பட்டால் அதை ஓட்டிவிடும்.

தவறான பதிப்பு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் கிட்லேப் நிறுவனம். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஓர் இன்ஜினியர் பிரதான டேட்டாபேஸின் கோப்புகளைத் தவறுதலாக அழித்துவிட்டார். பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், பெட்டி காலி. தினமும் பேக்கப் எடுக்கவேண்டிய கட்டளை டேட்டாபேஸ் இல்லாத வேறொரு சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க வழியில்லாமல், போஸ்ட்கிரஸ் 9.6-க்குப் பதிலாக 9.2-ன் கருவியை எடுத்துக்கொண்டு, பிழை காட்டி நின்றுவிட்டது.

கிரான் சும்மா இருக்கவில்லை, எச்சரிக்கை மெயில் அனுப்பியது. ஆனால் அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் ஏற்பாடு அந்த மெயில்களுக்குச் செய்யப்படாததால், அவை ஏற்கப்படாமல் திரும்பின. வேறொரு வேலைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது. அதன் பிறகு டேட்டாபேஸில் சேர்ந்தவை போனது போனதுதான்.

உங்கள் வேலையும் முரண்டு பிடித்தால் இப்படி விசாரியுங்கள். சூழலைக் காட்டும் 'என்வ்' கட்டளையைக் கிரானில் ஒரு தடவை ஓடவிட்டு, வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். டெர்மினலிலும் அதையே செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி வழக்கு முடிந்தது. புரோகிராம், கோப்பு இரண்டுக்கும் முழு முகவரி கொடுங்கள்; கிரான் உங்கள் ஹோம் டைரக்டரியில் இருந்துதான் தொடங்கும், நீங்கள் நின்ற இடத்தில் இருந்து அல்ல.

கோப்பின் பெயரில் தேதி சேர்ப்பவர்கள் சதவீதக் குறியைக் கவனிக்கவேண்டும். கிரான்டேப் வரியில் அதற்குப் புதுவரி என்று அர்த்தம். கட்டளை அந்த இடத்திலேயே அறுந்துவிடும். முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போடுங்கள். அல்லது கட்டளையைத் தனி ஸ்கிரிப்ட்டாக எழுதிவிடுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், நீங்கள் எழுதிய இரவு 2 மணி நமக்குக் காலை 7.30. தமிழில் பெயர் வைத்த கோப்புகளைக் கையாள்பவர்கள் 'லாங்' என்ற மொழி அமைப்பையும் ஸ்கிரிப்ட்டில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சில புரோகிராம்கள் தமிழ் எழுத்தைக் கண்டதும் பிழை சொல்லி நிற்கும்.

கடைசியாக, சாதாரண வெளியீடு, பிழைச் செய்தி இரண்டையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். மெயில் வரவில்லை என்பதால் வேலை நடந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.