விளையாட்டுக் கதையென்று ஒதுக்கலாமா?

கடந்த தவணை எங்கள் வகுப்பில் ஓர் ஆங்கில நாவல் கைமாறிக் கொண்டிருந்தது. மார்கரெட் வெய்ஸ், ட்ரேசி ஹிக்மன் ஆகிய இருவரும் சேர்ந்து எழுதி 1984 இல் வெளிவந்த 'டிராகன்ஸ் ஒஃப் ஓட்டம் ட்வைலைட்' என்பதே அது. வாசித்து முடித்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். நான் எந்தக் கட்சி என்று கேட்பவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

1974 இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டு வெளிவந்தது. சிலர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, குள்ளன் என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். வாள்வீச்சு பலித்ததா, பிழைத்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அந்த விளையாட்டுக்காக உருவாக்கப்பட்ட கிரின் என்ற உலகத்தில்தான் இந்நாவல் நடக்கிறது.

"ஒரு சண்டை முடிந்தால் அடுத்த சண்டை. வாசிக்கும்போதே பகடை உருளும் சத்தம் கேட்குது" என்றாள் ஒரு தோழி. பாத்திரங்களும் பழகியவைதான் என்றாள் இன்னொருத்தி: சிடுசிடுக்கும் கிழக் குள்ளன், மானமே பெரிதென்னும் வீரன். இவை பொய்யல்ல. முதல் பாகத்தில் லொரானா, டானிஸ் மீதுள்ள காதலால் அவன் பின்னே வரும் பெண்ணாகவே தெரிகிறாள். படை நடத்தும் தலைவியாக அவளைக் காண அடுத்த பாகங்கள் வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் அதே விளையாட்டின் அன்றைய விதியொன்று இந்நாவலில் உயிர் பெற்றிருக்கிறது. மந்திரவாதி மந்திரத்தை மனனம் செய்ய வேண்டும். ஒருமுறை பயன்படுத்தியதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். மீண்டும் படிக்க வேண்டும். அன்றைய விளையாட்டில் இது வெறும் கணக்காக இருந்தது. நாவலிலோ ரெய்ஸ்ட்லின் என்ற இளைஞனின் வாழ்க்கை. இருமி இருமித் தளர்ந்த உடலோடு அவன் மந்திரப் புத்தகத்தைத் திறக்கிறான். கடந்தகால வினாத்தாள்களோடு மல்லுக்கட்டும் எங்களுக்கு அவனைத் தெரியாதா?

அவனது இரட்டைச் சகோதரன் கரமன். உடற்பலம் முழுவதும் கரமனுக்கு. ரெய்ஸ்ட்லினின் இருமலைத் தணிக்கும் மூலிகைத் தேநீருக்கு வெந்நீர் கொண்டு வருபவனும் அவனே. ரெய்ஸ்ட்லினோ அவன்மீதே எரிந்து விழுகிறான். அவனின்றித் தன்னால் இயலாது என்பதுதான் அந்தக் கோபத்தின் காரணம் என்று எனக்குத் தோன்றியது.

என் ராத்தா சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர். உம்மம்மா படுக்கையில் விழுந்தபோது வீட்டுப் பொறுப்பு அவரிடம் வந்தது. நான் இரவில் படிக்கும்போது இஞ்சித் தேத்தண்ணி கொண்டு வந்து வைப்பார். ஒருநாள், "சும்மா சும்மா வந்து குழப்பாதீங்க ராத்தா" என்று எரிந்து விழுந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் நாவல் என் கைக்கு வந்தது. கரமன் வெந்நீரோடு வரும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். குசினியில் ராத்தா கோப்பை கழுவிக் கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

"படிக்கல்லையா?" என்றார்.

"பொறகு படிக்கிறன்" என்றேன்.

பரீட்சை நெருங்கும் காலத்தில் கதைப் புத்தகமா என்ற பெற்றோரின் கவலை நியாயமானதே. அதனால்தான் நானும் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மட்டுமே வாசித்தேன். ஆனால் அட்டையிலுள்ள டிராகனைப் பார்த்ததும் புத்தகத்தைப் பறித்து வைக்காமல், "இதில என்ன வாசிச்ச?" என்று ஒருமுறை கேளுங்கள். தோழியரிடமும் ஒரு வேண்டுகோள். குறைகளைத் தாராளமாகச் சொல்லுங்கள். விளையாட்டிலிருந்து வந்தது என்பதை மட்டும் ஒரு குறையாக எண்ண வேண்டாம். ஒரு கதை எங்கிருந்து வந்தது என்பதைவிட, வாசித்தவரிடம் என்ன செய்தது என்பதே முக்கியம்.

இது தலைசிறந்த நாவலென்று நான் வாதாட மாட்டேன். ஆனாலும் வாசித்தது வீணென்று சொல்பவர்களின் கட்சியில் நான் இல்லை. இரண்டாம் பாகம் இப்போது ராத்தாவின் அலுமாரியில் இருக்கிறது. பரீட்சை முடிந்த பிறகுதான் தருவாராம்.