கம்ப்யூட்டரை இணைச்சாச்சு, வீட்டு வாசலை எப்ப இணைக்கிறது?

இந்த வாரம் நெல்லு, உரம், கொள்முதல் எதுவும் இல்லை. டாக்டருங்க டிமென்ஷியான்னு சொல்ற மறதி நோய் பத்தி எழுதறேன். பெரிய ஆஸ்பத்திரிகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் தங்களோட கம்ப்யூட்டர்களை ஒண்ணோட ஒண்ணு இணைச்சு, இந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பார்க்கிறாங்க. நல்ல வேலை, நான் குறை சொல்ல வரலை. ஆனா அந்த இணைப்பு ஆஸ்பத்திரிக்குள்ளேயே நின்னுட்டா நமக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர்னு நம்ம வீட்டு வாசல் வரைக்கும் அது வரணும். அதுக்கு வேண்டிய ஆளுங்க ஏற்கெனவே நம்ம தெருவுல நடந்துகிட்டுத்தான் இருக்காங்க. என் கருத்து அவ்வளவுதான். இனி விவரத்துக்கு வர்றேன்.

கம்ப்யூட்டரை எதுக்கு இணைக்கணும்? இதைப் புரிஞ்சுக்க நம்ம கிணறே போதும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில கடல் தண்ணி உள்ள ஏறுறது 1960கள் கடைசியிலிருந்தே தெரிஞ்ச விஷயம். ஒரு கிணத்துத் தண்ணி கொஞ்சம் கரிச்சா, அது அந்தக் கிணத்தோட குணமா, இல்லை கடல்தான் வந்துடுச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. நூறு கிணத்துக் கணக்கை, பல வருஷத்துக்கு, ஒரே வரைபடத்துல போட்டாத்தான் உப்பு எந்தப் பக்கமிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு தெரியும். பயிர் கருகின பிறகு தெரிஞ்சா அது தகவல், முன்னாடியே தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும்.

மூளையும் அப்படித்தான். மறதி நோய் வர்றவங்களுக்கு மூளையோட மேல்பட்டை கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சுகிட்டே போகும். ஒருத்தரோட ஒரே ஒரு எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து, இது வயசுக்கு ஏத்த தேய்மானமா, நோயோட ஆரம்பமான்னு சொல்றது கஷ்டம். ஆயிரக்கணக்கான படங்களோட ஒப்பிட்டுப் பார்க்கணும். ஒவ்வொரு படத்தையும் அளக்கவே ஒரு கம்ப்யூட்டருக்கு மணிக்கணக்கா ஆகும்.

அதனால ஐரோப்பாவுல 2008ல நியூகிரிட்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. பல நாட்டு ஆய்வு மையங்களோட கம்ப்யூட்டர்களை ஒண்ணா இணைச்சு, வேலையைப் பிரிச்சுக் கொடுத்தாங்க. 6,000க்கும் மேல மூளைப் படங்களை ரெண்டு வாரத்துக்குள்ள அளந்து முடிச்சாங்க. ஒரே கம்ப்யூட்டரா இருந்தா அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கும். நாத்து நடவுக்கு ஊரே சேர்ந்து இறங்கினா ஒரே நாள்ல கழனி முடியுதே, அந்தக் கணக்குதான்.

சரி, அந்தப் படங்கள் யாரோடது? அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 2004ல ஆரம்பிச்ச ஏ.டி.என்.ஐ.ங்கிற பெரிய ஆய்வுல சேர்ந்தவங்களோடது. அங்க எடுத்த அளவை வச்சு எண்ணூர்ல வலை பின்னுற ஒரு பாட்டியோட மூளையை அளக்கலாமா? ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆளுங்க 2019ல இந்தியர்களுக்குன்னே ஒரு மூளை அளவுப் படம் தயார் பண்ணாங்க. வெள்ளைக்காரங்க மூளையோட ஒப்பிட்டா நம்ம மூளை சராசரியா உயரம், அகலம், கன அளவு எல்லாத்துலயும் கொஞ்சம் சின்னதுன்னு அதுல தெரிஞ்சுது. சின்னதுன்னா அறிவு கம்மின்னு அர்த்தம் இல்லை. ஆனா அவங்க அளவுகோலை வச்சு அளந்தா, நல்லா இருக்கிறவங்களையும் 'தேய்ஞ்சு போச்சு'ன்னு மெஷின் சொல்லிடலாம். அடுத்தவன் வயலோட மண் பரிசோதனைச் சீட்டை வச்சு என் வயலுக்கு உரம் போட்டா என்ன ஆகும்? அதே கதைதான்.

இந்த ஏற்றத்தாழ்வை டாக்டருங்களே ரொம்ப நாள் முன்னாடி பார்த்துட்டாங்க. 1998ல கொச்சியில நடந்த ஒரு மாநாட்டுல '10/66'னு ஒரு ஆய்வுக் குழு உருவாச்சு. பேருக்கு அர்த்தம் என்னன்னா, மறதி நோய் உள்ளவங்கள்ல 66 சதவீதம் பேர் நம்மள மாதிரி வளரும் நாட்டுல இருக்காங்க, ஆனா ஆராய்ச்சியில 10 சதவீதம்கூட அங்க நடக்கலைங்கிறதுதான். அந்தக் குழு பிற்பாடு நம்ம சென்னையிலயும் வேலூர் கிராமங்கள்லயும் வீடு வீடா போய் ஆய்வு பண்ணுச்சு.

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். லாசி-டாட்னு ஒரு தேசிய ஆய்வு. டெல்லி எய்ம்ஸ் மத்த நிறுவனங்களோட சேர்ந்து செஞ்சது. பல மாநிலங்கள்ல 60 வயசு தாண்டின 4,096 பேரை எடுத்துகிட்டாங்க. பயிற்சி கொடுத்த ஆளுங்க அந்தப் பெரியவங்ககிட்டயும், கூட இருக்கிற குடும்பத்தார்கிட்டயும் கேள்வி கேட்டாங்க. அந்தப் பதில்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி விட்டாங்க. வேற வேற ஊர்ல இருக்கிற மூணு டாக்டருங்க ஒரே பெரியவரோட விவரத்தைத் தனித்தனியா படிச்சு, இவருக்கு நோய் இருக்கா, எந்த அளவுன்னு மதிப்பெண் போட்டாங்க. மூணு பேருக்கும் கருத்து ஒத்துப்போகலைன்னா ஒண்ணா பேசி முடிவு பண்ணாங்க. அந்த டாக்டருங்க யாரும் அந்தப் பெரியவரை நேர்ல பார்க்கவே இல்லை. இதுக்குத் தேவைப்பட்டது பெரிய சூப்பர் கம்ப்யூட்டர் இல்லை. நெட் இணைப்பும், பொறுமையா கேள்வி கேட்கிற ஒரு ஆளும்தான்.

கேள்விகளும் நமக்கு ஏத்த மாதிரி. வெளிநாட்டுப் பரிசோதனையில 'கண்களை மூடவும்'னு எழுதிக் காட்டி, படிச்சு அதன்படி செய்யச் சொல்லுவாங்க. எழுத்தே தெரியாத அம்மாவுக்கு அதைக் கொடுத்தா, நோய் இல்லாமலே தோத்துடுவாங்க. ஹரியானா கிராமத்து ஜனங்களுக்காக 1990கள்ல உருவாக்கின பரிசோதனையில அதை மாத்தி, "என் முகத்தைப் பாருங்க, நான் செய்யறதை அப்படியே செய்யுங்க"ன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக் காட்டுவாங்க. ஆங்கில எழுத்தைத் திருப்பிச் சொல்றதுக்குப் பதிலா, வாரத்தோட கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுவாங்க. இந்த வகைக் கேள்விகளைத்தான் லாசி-டாட் ஆய்வும் எடுத்துகிட்டுது.

2023ல வந்த அதோட முடிவு: இந்தியாவுல 60 வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கு. ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்கு அதிகம். டவுனைவிடக் கிராமத்துல அதிகம். படிப்பு இல்லாதவங்களுக்கு அதிகம். நம்ம வீட்டுப் பாட்டியைத்தான் அந்தக் கணக்கு விவரிக்குது.

இன்னொண்ணும் சொல்லணும். 2024ல லான்செட் ஆணையம் இந்த நோய்க்கு 14 காரணங்களைப் பட்டியல் போட்டுச்சு. அதுல ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது கேளாமை, படிப்பின்மை, தனிமை, புகை, காற்று மாசு எல்லாம் இருக்கு. நம்ம பகுதியை நினைச்சுப் பாருங்க. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970லிருந்து 2017 வரைக்கும் ஓடுச்சு. வடசென்னை அனல்மின் நிலையம், மணலி ஆலைகள், துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிகள் இன்னும் ஓடுது. இரும்புச் சத்தத்துல காது மந்தமான ஓய்வு பெற்ற தொழிலாளிங்க எத்தனை பேர்? இங்க நோய் எவ்வளவுன்னு யாராவது எண்ணிப் பார்க்கணும்னு நாம கேட்கிறதுல தப்பே இல்லை.

நம்ம பக்கம் ஏன் லேட்டா தெரியுது? "வயசானா அப்படித்தான்"னு நாலு வார்த்தைகூட இல்லை, அதுல முடிச்சுடறோம். திருவொற்றியூர்ல எங்க ஒண்ணுவிட்ட பெரியம்மா ஒருத்தங்க. சாமான் வாங்கின காசை ரெண்டு தடவை கொடுத்தாங்க. அப்புறம் ராயபுரத்துல இறங்க வேண்டியவங்க பொன்னேரி வரைக்கும் ரயில்ல போயிட்டாங்க. கேஸைத் திறந்து விட்டுட்டுப் பத்த வைக்க மறந்தாங்க. காட்டின இடத்துல எல்லாம் சத்து மாத்திரைதான் கொடுத்தாங்க. மூணு வருஷம் கழிச்சு, மகனையே "நீங்க யாரு தம்பி?"ன்னு கேட்டப்பதான் சரியான டாக்டர்கிட்ட போய்ச் சேர்ந்தாங்க.

"மருந்தே இல்லாத நோயை முன்னாடி தெரிஞ்சு என்ன பண்றது?"ன்னு கேட்கிறவங்க உண்டு. நியாயமான கேள்விதான். முழுசா குணமாக்குற மருந்து இன்னைக்கு இல்லைங்கிறது உண்மை. ஆனா மறதின்னு வர்ற எல்லாமே இந்த நோய் இல்லை. பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, கீழ விழுந்து தலைக்குள்ள ரத்தம் கட்டினது, இதுலயும் மறதி வரும். இதையெல்லாம் சரி பண்ணலாம். நாள் கடத்தினா அந்த வாய்ப்பும் போயிடும்.

அப்புறம் நம்மள மாதிரி நிலம் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கு. தொழிற்சாலை வர்ற இடத்துல நிலத்துக்கு என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். புத்தி தெளிவா இல்லாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாதுன்னு சட்டம் சொல்லுது. ஆனா அன்னைக்கு அவர் தெளிவா இல்லைன்னு பிற்பாடு கோர்ட்டுல யார் நிரூபிக்கிறது? பெருவிரலை உருட்டிட்டுப் போனவங்ககிட்ட பத்திரம் இருக்கும், நம்மகிட்ட கண்ணீர்தான் இருக்கும். நோய் ஆரம்பத்துலேயே தெரிஞ்சா, அவங்க தெளிவா இருக்கும்போதே, யாருக்கு என்ன, யார் பார்த்துக்கிறதுன்னு அவங்க வாயாலேயே சொல்ல வச்சுடலாம். பெரியவங்களுக்கு நாம கொடுக்கிற மரியாதையும் அதுதான்.

"நம்ம விவரம் எல்லாம் நெட்டுல போயிடுமே"ன்னு இன்னொரு பயம். அதுவும் சரிதான். மறதி இருக்கிற ஒரு பாட்டி தனியா இருக்காங்கன்னு வெளியில தெரிஞ்சா, ஏமாத்துறவனுக்கு அது விலாசம். அதனால பேரும் விலாசமும் நீக்கின பிறகுதான் ஆராய்ச்சிக்குப் போகணும். குடும்பத்துக்குத் தமிழ்ல புரியுற மாதிரி சொல்லிச் சம்மதம் வாங்கணும். கணக்கு எடுத்துட்டுப் போனவங்க முடிவைத் திரும்ப வந்து சொல்லணும். நம்ம ஊர்ல அளந்துட்டுப் போனவங்க நிறைய பேர், திரும்பி வந்து சொன்னவங்க கம்மி.

நான் கேட்கிறது என்னன்னா, 2021 ஆகஸ்ட் மாசம் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல தன்னார்வலர் பெண்கள் வீடு வீடா வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறாங்க. எந்த வீட்டுல எந்தப் பாட்டி இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியாதது இல்லை. 60 வயசு தாண்டினவங்ககிட்ட வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பத்துப் பதினஞ்சு கேள்வியைத் தமிழ்ல கேட்கட்டும். கூட இருக்கிற மருமகள்கிட்டயும் தனியா கேட்கட்டும், ஏன்னா உண்மை அவங்களுக்குத்தான் தெரியும். பதிலை ஃபோன்லேயே அனுப்பட்டும். லாசி-டாட் பண்ண மாதிரி, ரெண்டு மூணு டாக்டருங்க உட்கார்ந்த இடத்துலேயே படிச்சுப் பார்க்கட்டும். சந்தேகம் இருக்கிறவங்களை மட்டும் ஸ்டான்லிக்கு வரச் சொல்லட்டும். நம்ம பெரியவங்க இன்னும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரின்னு சொல்றாங்களே, அதேதான். மீஞ்சூர்லிருந்து வண்ணாரப்பேட்டைக்கு ஒரே ரயில்.

ஸ்கேன் தேவைப்பட்டா அங்க எடுத்து, அந்தப் படங்களும் நம்ம ஜனங்களோட அளவுகோலா சேரட்டும். அப்பதான் இணைச்ச கம்ப்யூட்டருக்கும் நம்மள அடையாளம் தெரியும். ஒரு நிபந்தனை: அந்தப் பெண்கள் தலையில ஏற்கெனவே நிறைய வேலை இருக்கு. இதையும் சும்மா ஏத்தி வைக்காம, தனியா பயிற்சியும் தனியா ஊதியமும் கொடுக்கணும். கூலி இல்லாம நட்ட நாத்து வரிசையா நிக்காது.

அது வர்ற வரைக்கும் நாம செய்யக்கூடியது: ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டா, பழகின தெருவுல வழி தவறினா, காசுக் கணக்குல தடுமாறினா, குணம் திடீர்னு மாறினா, ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்க. டாக்டருக்கு அந்த நோட்டு பெரிய உதவி. காது கேட்கலைன்னா முதல்ல காதைப் பாருங்க. எங்க காட்டுறதுன்னு புரியலைன்னா, 14416ன்னு டெலி-மானஸ் எண் இருக்கு, அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண், அதுல வழி கேட்கலாம்.

உங்க தெருவுக்கு மாத்திரை கொண்டு வர்ற அக்காகிட்ட அடுத்த தடவை இந்த விஷயத்தைச் சொல்லிப் பாருங்க. கிராம சபையில ஒருத்தர் எழுந்து கேளுங்க. நானும் எங்க ஊர்ல கேட்கிறேன்.